அரைக் கிலோ

மகள் பிறந்த அன்றைக்கே அந்த மனுஷனின் லட்சணம் தெரிந்துவிட்டது. நர்ஸ் குழந்தையைத் தராசில் கிடத்தி, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பனாகிற எவனும் அந்த நேரத்தில் குழந்தையின் முகத்தைப் பார்ப்பான், விரல்களை எண்ணுவான், தன் மூக்கா மாமனார் மூக்கா என்று ஆராய்வான். இவர் குனிந்து தராசின் அடியில் பார்த்தார். ஒரு கால் மேசையில் சரியாக உட்காரவில்லை, நாற்பது கிராம் கூடக் காட்டுகிறது, பிள்ளையைத் தூக்குங்கள், சரி பண்ணிவிட்டுத் திரும்பப் போடலாம் என்றார். கட்டிலில் அரை மயக்கத்தில் கிடந்த மனைவியின் காதில் விழுந்த முதல் வாக்கியம் அதுதான். பிள்ளை வளர்ந்து கல்யாணமாகிப் போன பிறகும் அவள் அதை மறக்கவில்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் எடுத்துவிடத் தவறியதும் இல்லை.

அவர் தொழில் அது. கடைத் தராசுகளைப் பழுது பார்ப்பது, எடை சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துத் திருத்துவது. காய்கறிக் கடை, நகைக் கடை, பழைய இரும்புக் கடை, தபால் ஆபீஸ் எல்லாம் அவருக்கு வாடிக்கை. தெருவில் எல்லோருக்கும் அவர் தராசுக்காரர். சோதனைக்கென்று அவரிடம் ஒரு பெட்டி நிறைய எடைக்கற்கள் உண்டு. சின்னவை பித்தளை, சட்டைப் பித்தான் அளவு இருக்கும், விரல் ஈரம் பட்டால் எடை மாறும் என்று இடுக்கியால்தான் எடுப்பார். பெரியவை இரும்பு, மேலே கைப்பிடி வைத்தவை, ஒவ்வொன்றும் இருபது கிலோ. கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். மூச்சு வாங்காது. அந்தத் தோளைப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்தேன், வாயைத் திறந்து பேசவிட்டுப் பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்று மாமனார் சொல்வதுண்டு.

ஊரில் உள்ள தராசுக்கெல்லாம் கோளாறு கண்டுபிடித்தவர் தன் ரத்தக் கொதிப்பை வருஷக்கணக்கில் பார்க்கவே இல்லை. கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் போயிருந்தன. அப்போதுதான் கிரியாட்டினின் என்ற பெயர் அந்த வீட்டுக்குள் வந்தது. உடம்பின் சதையில் உண்டாகிற கழிவு அது. நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாதபோது ரத்தத்தில் ஏறும். ஏற ஏற ஆபத்து. முதலில் வாயில் நுழையாத அந்தப் பெயர், இரண்டே மாதத்தில் ஒத்துவராத சம்பந்தி பெயர் மாதிரி தினமும் வீட்டில் அடிபட்டது.

மிச்சமிருக்கும் சிறுநீரகத்துக்குச் சுமை தரக் கூடாது, முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாவற்றையும் குறையுங்கள் என்று அப்போது சொன்னார்கள். மனைவி குறைத்தாள். அவள் ஒரு பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவள்; சில்லறையில் ஒரு காசு தவறவிடாதவள். அந்தக் கண்டிப்பை அப்படியே அடுப்படிக்குக் கொண்டுவந்தாள். காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினாள். சத்தும் போனது, ருசியும் போனது, கிரியாட்டினின் மட்டும் அடங்கி இருந்தது. நாலு வருஷம் அப்படியே தள்ளினார்கள். டாக்டரம்மாவே ஒருமுறை, இது மாத்திரை செய்த வேலை இல்லை, உங்கள் சமையல் செய்த வேலை என்றார். அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் பட்டம் கொடுத்த மாதிரி ஆயிற்று. பின்னால் அவள் கண்ணை மறைத்ததும் அதுதான்.

நாலு வருஷத்துக்குப் பிறகு சிறுநீரகம் முழுக்கக் கையை விரித்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

முதல் நாள் அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். அவர் கையிலிருந்து ஒரு சிவப்புக் குழாய் கிளம்பியது. பக்கத்தில் நின்ற இயந்திரத்தில் சுழலும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, முழங்கை நீளத்தில் நிறுத்தியிருந்த ஒரு குழலுக்குள் போனது. குழலுக்குள்ளே தலைமுடியை விட மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றும் ஒரு குழாயாம். அவற்றின் வழியே நுழைந்து அழுக்கை விட்டுவிட்டு ரத்தம் மறுபடி அவர் கைக்கே வந்தது. உடம்பிலுள்ள ரத்தமெல்லாம் ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப இப்படிப் போய் வரும் என்று சிஸ்டர் சொன்னார். ஒரு மனுஷனின் உயிர் அவனை விட்டு வெளியே கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறது; அவன் பாட்டுக்குச் செய்தித்தாளில் இரங்கல் பக்கத்தைப் படித்துக்கொண்டு கிடக்கிறான். அவளுக்குக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஊசி போடுவதற்காக அவருடைய இடது முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்திருந்தார்கள். அங்கே விரல் வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு, மடியில் படுத்த பூனை குறுகுறுக்கிற மாதிரி. தினமும் தொட்டுப் பாருங்கள், அது நின்றால் உடனே வாருங்கள் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அவளுக்குப் பொழுது விடிவது அந்தக் கையில்தான். கண்ணைத் திறக்கும் முன்பே விரல் போய்விடும். ஓடுகிறது. சரி, எழுந்து அடுப்பைப் பற்றவைக்கலாம்.

டயாலிசிஸ் தொடங்கியதும் டாக்டரம்மா சாப்பாட்டுச் சட்டத்தைத் தலைகீழாக மாற்றினார். காப்பாற்றுவதற்கு இனிமேல் சிறுநீரகம் இல்லை. இயந்திரம் அழுக்கோடு சேர்த்துக் கொஞ்சம் சத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் முட்டை, மீன் எல்லாம் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார். இருவரும் தலையை ஆட்டிவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தராசுக்காரர் தீர்ப்பு வழங்கினார்.

"டாக்டரம்மா சொல்றது வாய் வார்த்தை. ரத்தம் சொல்றது எடை போட்டுச் சொல்றது. அது என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு முட்டை வாங்கு."

ரத்தம் மாதத்துக்கு ஒருமுறை சொன்னது. தொடங்கும்போது பதினொன்றில் இருந்த கிரியாட்டினின் ஒன்பதானது, எட்டானது, ஏழரையானது. இவர்கள் பழைய பத்தியத்தை விடாமல் பிடித்திருந்தார்கள், அது இறங்கிக்கொண்டே வந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த அறிக்கையில் ஆல்புமின் என்று வேறொரு வரியும் இருந்தது. அதுவும் இறங்கிக்கொண்டுதான் வந்தது. எதிரியை மட்டும் கவனித்தவர்கள் பக்கத்தில் நின்ற சாதுவைக் கவனிக்கவில்லை.

டயாலிசிஸ் கூடத்தில் அவருக்குப் பக்கத்துக் கட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தொந்தியும் தொப்பையுமான மனுஷர். அவருடைய கிரியாட்டினின் பன்னிரண்டுக்குக் குறைந்ததே இல்லை. ஆசைப்பட்டதை எல்லாம் தின்றுவிட்டு வந்து வேறு விஷயங்களுக்குத் திட்டு வாங்குவார். தராசுக்காரர் அவரைப் பார்த்து, நாக்கைக் கட்டாதவன் நாளைக் கட்ட முடியாது என்பார். கண்டக்டர் சளைக்க மாட்டார். "தராசு, நீ முட்டையை முறைக்கிற முறைப்பைப் பார்த்தா கோழி முட்டை போடுறதையே விட்டுடும்" என்பார். டயாலிசிஸ் நடக்கும்போது ஆளுக்கொரு அவித்த முட்டை தருவார்கள். தராசுக்காரர் தன்னுடையதை ஓசைப்படாமல் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிடுவார். சிஸ்டர் வந்து பார்க்கும்போது தட்டு காலியாக இருக்கும். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் இரண்டு பேரும் ஆச்சு என்பார்கள். ஒருவர் சொல்வது இரு மடங்கு உண்மை.

அந்தக் கூடத்தில் வாசலருகே ஒரு எடை மேடை உண்டு. சிறுநீர் போகாத உடம்பில் குடித்த தண்ணீரெல்லாம் தங்கிவிடும். அதை இயந்திரம் எடுக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது? தங்கிய தண்ணீர் போனால் ஓர் ஆள் எவ்வளவு எடை இருக்க வேண்டுமோ, அதை முன்கூட்டியே கணித்து வைத்திருப்பார்கள். உலர் எடை என்று பெயர். தராசுக்காரருக்கு ஐம்பத்தெட்டு கிலோ. உலகத்தில் தமக்கு மிகவும் பிடித்த விஷயத்தை வைத்தே தமக்கு வைத்தியம் நடக்கிறது என்பதில் அவருக்குப் பெருமை. முதல் வாரத்திலேயே தன் எடைக்கற்களைக் கொண்டுவந்து வைத்து அந்த மேடையைச் சோதித்து, திருகைத் திருகிச் சரி பண்ணினார். இந்த ஆஸ்பத்திரியில் நோயாளி வந்து தராசுக்கு வைத்தியம் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று சிஸ்டர் சிரித்தார். ஒவ்வொரு முறையும் முடிந்து இறங்கி ஏறி நின்றால் சொல்லி வைத்த மாதிரி ஐம்பத்தெட்டு காட்டும். வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார்.

வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி ஒரு வருஷம் கழித்து வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு முகம் மட்டும் உப்பியிருக்கு. தோள் எங்க போச்சு?"

அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாதது வந்து போகிற கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறதா என்ன? எடையில் ஒரு கிராம் குறையவில்லை, வேண்டுமானால் தராசைக் கேளுங்கள் என்று கொழுந்தனிடம் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினாள். ஒரு தலையணை வைத்துப் படுத்துக்கொண்டிருந்தவர் இரண்டு வைக்கிறார். சில வாரம் கழித்து மகளின் அறையிலிருந்து மூன்றாவதும் வந்தது. கேட்டால் கழுத்து வலி என்றார். பிரஷர் கூடியிருந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து இன்னும் கூட்டினார்.

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் இருபது கிலோக் கல்லைத் தூக்கினார். அடுப்படியில் இருந்தவளுக்கு வீடே அதிர்ந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தாள். தரை ஓடு நட்சத்திரம் மாதிரி வெடித்திருந்தது. அதன் மேல் கல் சாய்ந்து கிடந்தது. அவர் கல்லையும் பார்க்கவில்லை, ஓட்டையும் பார்க்கவில்லை. தன் வலது கையை, யாரோ அதை மாற்றி வைத்துவிட்டுப் போய்விட்ட மாதிரி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது என்றார். கையில் எண்ணெய் இல்லை.

அன்று மத்தியானம் மூன்று தலையணையும் போதவில்லை. உட்கார்ந்துகொண்டே மூச்சை இழுத்தார். ஆட்டோவில் ஏற்றியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் வரைக்கும் தண்ணீர். வழக்கமான நாளுக்குக் காத்திருக்காமல் உடனே இயந்திரத்தில் போட்டார்கள். மறுநாளும் போட்டார்கள். அதற்கு மறுநாளும். ஐம்பத்தெட்டோடு நிறுத்தாமல் கீழே கீழே இறக்கிக்கொண்டே போனார்கள். ஐம்பத்து நாலுக்கு வந்தபோதுதான் அவரால் தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்க முடிந்தது.

மூச்சு சீரானதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, எடை மேடை கெட்டுப்போய்விட்டது என்பதுதான். நாலு கிலோத் தண்ணீர் உடம்பில் இருந்திருந்தால் அது காட்டியிருக்க வேண்டாமா? காட்டவில்லை என்றால் தராசில்தான் கோளாறு. கற்களைக் கொண்டு வா என்று மனைவியை விரட்டினார். சிஸ்டர் கண்ணால் வேண்டாம் என்றார். அவள் போய் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தாள். பிள்ளை பிறந்த அன்றைக்கே அடங்காத மனுஷன் இப்போதா அடங்கப் போகிறார்?

பெட்டியைத் தூக்க அவரால் முடியவில்லை. அவளும் பக்கத்துக் கட்டில் கண்டக்டரும் சேர்ந்து, இருபது, நாற்பது, பிறகு சின்னக் கற்கள் என்று மேடையில் அடுக்கினார்கள். தராசுக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எண்களைப் பார்த்தார். ஏற்றினார்கள், இறக்கினார்கள், மூலைக்கு மூலை மாற்றி வைத்தார்கள். ஒரு கிராம் பிசகவில்லை. அவர் கையாலேயே சரி பண்ணின தராசு, பண்ணினபடியே இருந்தது.

அவர் கடைசிக் கல்லையும் இறக்கச் சொன்னார்.

"தண்ணி தெளிச்சு எடை ஏத்துற வியாபாரி எத்தனை பேரைப் பிடிச்சுக் குடுத்திருக்கேன்" என்றார். "பஞ்சுல தெளிப்பான், கீரையில தெளிப்பான். தராசு என்ன பண்ணும்? மேல வச்சதுக்கு எடை சொல்லும். மேல இருக்கிறது என்னன்னு அதுக்குத் தெரியாது." தன் தொடையைத் தொட்டார். கைலிக்கு அடியில் இரண்டு விரல் அகலத்தில் எலும்பு தெரிந்தது. "என் உடம்பே எனக்குத் தண்ணி தெளிச்சுக் காட்டியிருக்கு."

டாக்டரம்மா வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. சதை போன இடத்தில் தண்ணீர் வந்து நின்றிருக்கிறது, நாலு கிலோவுக்கு நாலு கிலோ, அதனால் எண் மாறவில்லை. பிரஷர் ஏறியபோதே நானும் இதை யோசித்திருக்க வேண்டும் என்று முதலில் தன் பங்கைச் சொல்லிவிட்டார். அவள் கைப்பையிலிருந்து அறிக்கைகளை எடுத்தாள். அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. கிரியாட்டினின் ஆறுக்குக் கீழே இறங்கிவிட்டதே, பிறகு எப்படி உடம்பு கெடும், நான் எதில் குறை வைத்தேன் என்று கேட்டாள்.

"கடைக்குப் பின்னாடி குப்பைத்தொட்டி காலியா இருக்குன்னு வைங்க. கடை சுத்தம்னும் சொல்லலாம். கடையில வியாபாரமே இல்லைன்னும் சொல்லலாம்" என்றார் டாக்டரம்மா. "மெஷின் அன்னைக்கு எடுத்த அளவுதான் இன்னைக்கும் எடுக்குது. அப்படியும் இந்தக் கழிவு குறைஞ்சுட்டே வருதுன்னா, அதை உண்டாக்குற சதை குறைஞ்சுட்டே வருதுன்னு அர்த்தம். டயாலிசிஸுக்கு முன்னால இது ஏறினா நான் பயப்படுவேன். இப்ப இது இறங்கினாத்தான் பயப்படுவேன்."

ஒவ்வொரு மாதமும் இறங்கிய ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். ஏழரைக்கு வந்த அன்று பேக்கரியில் எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தாள். அந்த மனுஷனின் தோள் கரைந்து போனதற்கு அவள் பன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

டாக்டரம்மா பேனாவால் மற்றொரு வரியைக் காட்டினார். ஆல்புமின். ரத்தத்தில் மிதக்கிற ஒரு புரதம், முட்டையின் வெள்ளைக்கரு எந்த வகையோ அந்த வகை. அதுதான் தண்ணீரை ரத்தக்குழாய்க்குள்ளேயே பிடித்து வைக்கிறது. அது குறைந்தால் தண்ணீர் கசிந்து கண்ட இடத்தில் போய் நிற்கும். நன்றாகச் சாப்பிடுகிறாரா, உள்ளே எங்காவது கிருமி இருக்கிறதா, உடம்பு தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஒன்றே பதில் சொல்லும். நாலில் தொடங்கியவருக்கு இப்போது இரண்டே முக்கால்.

"நேராவே கேக்குறேன் டாக்டரம்மா. இந்த இரண்டே முக்காலோட இருக்கிறவங்க எத்தனை நாள் இருப்பாங்க?" என்றாள் அவள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஒருத்தருக்கு இவ்வளவுதான்னு எண்ணை வச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா இந்த எண்ணோட இங்க படுத்திருந்தவங்கள்ல நிறையப் பேர் அடுத்த வருஷம் இதே மாசம் இல்லை. எண் ஏறினவங்க இருக்காங்க. இது ஏறும். ஏத்தலாம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஒரு விரல் நுனி ரத்தம். அதில் இந்த மனுஷன் நேற்று என்ன தின்றார், எதைப் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளினார், தோள் எவ்வளவு கரைந்தது, அடுத்த வருஷம் வீட்டில் எத்தனை தட்டு வைக்க வேண்டும், எல்லாம் எழுதாமல் எழுதியிருக்கிறது. கூடவே படுத்து எழுந்த தனக்குத் தெரியாதது ஒரு சொட்டுக்குத் தெரிந்திருக்கிறது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கோயில் கருவறைக்குள் எட்டிப் பார்க்கும்போது வருகிற மாதிரி, கையைக் கூப்பச் சொல்லுகிற பயம்.

மறுநாள் பேக்கரியில் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது, பின்பக்கத்தில் மாஸ்டர் முட்டைகளை உடைத்து மஞ்சள் கருவைத் தனியே பிரிப்பது தெரிந்தது. பன்னுக்கு மேலே பளபளப்புக்குத் தடவவும், உள்ளே வைக்கும் கூழுக்கும் மஞ்சள்தான் வேண்டும். வெள்ளைக்கரு ஒரு வாளியில் சேர்ந்தது. இத்தனை வருஷமாக, தினமும் அவள் கண்ணெதிரிலேயே, அந்த வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போய் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, என்ன, குளிக்கப் போறீங்களா?"

"என் புருஷனைத்தான் தினமும் சாக்கடையில ஊத்திக்கிட்டு இருந்திருக்கோம்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மூடி போட்ட ஒரு பாத்திரம் குளிர்பெட்டியில் அவளுக்கென்று தனியாக இருந்தது.

அவர் தின்பதுதான் பெரும்பாடு. பசி என்பதே செத்துப் போயிருந்தது. வாயில் எதை வைத்தாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது என்றார். வெள்ளைக்கருவை வேகவைத்துக் கொடுத்தாள், மிளகு போட்டுப் பொரித்துக் கொடுத்தாள், ரொட்டிக்கு நடுவே ஒளித்துக் கொடுத்தாள். அவர் கண்டுபிடித்துவிடுவார். ஒருநாள் தட்டை நகைக்கடைத் தராசில் வைத்து, இன்றைக்கு நேற்றைவிடக் கூட வைத்திருக்கிறாய் என்று சண்டைக்கு வந்தார். இனிமேல் இந்த வீட்டில் சோற்றை எடை போட்டால் தராசு தெருவில் கிடக்கும் என்று அவள் சொன்ன தொனியில் அவர் தராசைத் தானாகவே அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார்.

கண்டக்டர்தான் பாவம், இடிந்து போனார். அடுத்த டயாலிசிஸ் அன்று அவித்த முட்டைத் தட்டு வந்ததும் தன்னுடையதை எடுத்து இந்தப் பக்கம் நீட்டினார்.

"உன் முட்டையெல்லாம் நான் தின்னுருக்கேன் தராசு. என் உடம்புல பாதி உன்னுது. வட்டி கட்ட வழியில்லை, முதலையாவது வாங்கிக்கோ."

"ஒண்ணு போதும். உன் முட்டையை நீ தின்னு" என்றார் இவர். "உன் பன்னண்டைப் பார்த்து எவ்வளவு ஏளனம் பண்ணினேன். பார்த்தா நீதான் நாட்டாமையாட்டம் உக்காந்திருக்கே." இருவரும் ஆளுக்கொரு முட்டையைச் சிஸ்டர் கண்ணெதிரிலேயே தின்றார்கள். சிஸ்டர் முடிகிற வரை நகரவில்லை. நம்பிக்கை ஒருதரம் போனால் அப்படித்தான்.

முதல் மாத அறிக்கையில் ஆல்புமின் அசையவில்லை. இரண்டாவது மாதமும் அப்படியே. அவள் வாளி வாளியாகக் கொடுத்தும் இரண்டே முக்காலா, இரண்டு புள்ளி எட்டா என்று இழுபறி. இத்தனைக்கும் அவர் கண்ணீர் விட்டுக்கொண்டு தின்றார். உள்ளே எங்கோ கிருமி இருக்கிறது, அதுதான் ஏற விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று டாக்டரம்மா வேறொரு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். தலை முதல் கால் வரை தேடினார்கள். கடைசியில் கடைவாயில் இரண்டு பல், வலியே இல்லாமல், வேரோடு சீழ் பிடித்து உட்கார்ந்திருந்தது. வாயில் இருந்த பல் வாழ்நாளைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. பிடுங்கிப் போட்டார்கள். அவர் அவற்றைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு வந்து, வேறென்ன, எடை போட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நாக்கில் ருசி திரும்பியது. மீன் கேட்டார். ஒருநாள் அவள் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் அப்படி எடுப்பார்; அப்போது அவள் முறைப்பாள். இப்போது பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இன்னொன்றும் எடுக்கட்டும் என்று. டாக்டரம்மா சொன்னபடி தினமும் அரைக் கிலோக் கல்லைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டினார். இருபது கிலோக்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. கடைகளுக்குப் போகும்போது இரும்புக் கற்களைச் சக்கரம் வைத்த வண்டியில் தள்ளிக்கொண்டு போனார். வெட்கமாக இருக்கிறதா என்று அவள் கேட்டதற்கு, கல்லுக்கென்ன, தூக்கினாலும் இருபதுதான், தள்ளினாலும் இருபதுதான் என்றார்.

பிறகு ஒரு மாதம் அறிக்கை வந்தது. கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த சிஸ்டர் ஒருவர். பழைய கதை தெரியாதவர். கட்டிலருகே வந்து தயங்கி, மெல்ல, கவலைப்படாதீங்க சார், கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கு என்றார்.

"எவ்வளவு?"

"ஆறுக்குக் கீழ இருந்தது சார். இப்ப எட்டைத் தாண்டிடுச்சு."

தராசுக்காரர் சிரிக்கத் தொடங்கினார். பக்கத்துக் கட்டிலில் கண்டக்டர் கையைத் தட்டினார்; ஊசி போட்ட கையை ஆட்டாதீங்க என்று நாலு பக்கமிருந்தும் அதட்டல் வந்தது. பாவம், அந்தச் சிஸ்டருக்கு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மூளை கலங்கிவிட்டதோ என்று சந்தேகம். மனைவி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அறிக்கையை வாங்கி அடுத்த வரிக்கு விரலைக் கொண்டுபோனாள். ஆல்புமின் மூன்றரை. அந்த வரியில் விரலை வைத்தபடியே நின்றாள், தினமும் காலையில் அவர் கையில் வைக்கிற மாதிரி.

டாக்டரம்மா வந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார், பிரஷரைப் பார்த்தார், தலையணை எத்தனை என்று அவளிடம் கேட்டார். ஒன்றுதான் என்றாள். கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையில் ஐம்பத்து நாலை அடித்துவிட்டு ஐம்பத்து நாலரை என்று எழுதினார்.

"அரைக் கிலோ ஏத்தியிருக்கேன்."

"தண்ணி இல்லைன்னு எப்படித் தெரியும்?" பட்ட பாட்டில் அவர் இப்போது எந்த எண்ணையும் கேள்வி கேட்காமல் விடுவதில்லை.

"தராசு சொல்லாது. அதனாலதான் கால், நெஞ்சு, ரத்தம், உங்க வீட்டுக்காரம்மா எல்லாரையும் கேட்டேன். நாலு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. இது சதை."

வீட்டுக்கு வந்ததும் அவர் களைப்பில் ஒற்றைத் தலையணையில் படுத்துத் தூங்கிப்போனார். டயாலிசிஸ் முடிந்த நாளில் அப்படித்தான். அவள் ஓசைப்படாமல் பெட்டியைத் திறந்தாள். இருபது கிலோக்களைத் தாண்டி, பத்து, ஐந்து, இரண்டு எல்லாவற்றையும் தாண்டித் தேடினாள். அந்தப் பெட்டியை இத்தனை வருஷம் துடைத்திருக்கிறாள், கூட்டும்போது நகர்த்தியிருக்கிறாள், வசைபாடியிருக்கிறாள். எதையும் எடுத்துப் பார்த்ததில்லை.

அரைக் கிலோக் கல் உள்ளங்கைக்குள் அடங்கியது. அவர் பிடித்துப் பிடித்து விளிம்பு வழவழத்திருந்தது. இவ்வளவுதான். ஒரு ரொட்டி கூட இதைவிடக் கனக்கும். இத்தனை வாளி வெள்ளைக்கரு, இத்தனை மீன், இரண்டு பல், சண்டை, கண்ணீர் எல்லாம் உள்ளே போய், கண்ணுக்குத் தெரியாத எந்த அடுப்பிலோ வெந்து, இந்த அளவுக்கு ஒரு மனுஷனாக ஆகியிருக்கிறது. அவள் மகளைப் பெற்றவள். உடம்பு உடம்பை உண்டாக்குவதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவள். ஆனாலும் நம்ப முடியாமல் கல்லை இடது கைக்கு மாற்றினாள், மறுபடி வலது கைக்கு மாற்றினாள்.

கல்லைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலோரம் உட்கார்ந்து, மற்றக் கையின் விரலை அவர் முன்கையில் வைத்தாள். பூனை குறுகுறுத்தது. தூக்கத்திலேயே அவர், என்ன எடை என்றார்.

"சரியா இருக்கு. தூங்குங்க" என்றாள்.